கோமளவல்லி காலேஜ் பார்க்கப் போன கதை

திருத்தணி மலைக்குப் படியேறுகிற இடத்தில் தேங்காய்ப் பழத்தட்டுக் கடை வைத்திருந்த கோமளவல்லியைக் கண்டு மாப்பிள்ளை வீட்டார் பலர் நடுங்கியிருக்கிறார்கள். ஆள் ஒன்றும் பெரிய ஆகிருதி இல்லை. குள்ளம், ஒல்லி, எண்ணெய் வைத்து இழுத்து முடிந்த கொண்டை, வெற்றிலை போட்ட வாய். குரலும் உயராது. ஆனால் அவள் ஒரு வீட்டுக்குள் போய்ச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "வேணாங்க" என்று சொல்லிவிட்டால் அந்தச் சம்பந்தம் அதோடு சரி. எந்தக் கொம்பன் வந்தாலும் ஒட்டவைக்க முடியாது.

இந்த அதிகாரத்தை அவளுக்கு யாரும் பட்டயம் எழுதிக் கொடுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் பெண் பார்ப்பதைப் பாதிப் பேர் மலைமேல்தான் வைத்துக்கொள்வார்கள். இரண்டு வீட்டாரும் ஏதோ தற்செயலாகச் சாமி கும்பிட வந்ததுபோல வருவார்கள், சன்னதியில் சந்திப்பார்கள், பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் நடக்காததுபோல அவரவர் பஸ் ஏறுவார்கள். மேலே போகுமுன் தட்டு வாங்குவது கோமளவல்லி கடையில். பூ வாடியிருக்கிறது என்று மாமியார் யாரிடம் எரிந்து விழுகிறாள், தட்டை யார் கையில் திணிக்கிறார்கள், மாப்பிள்ளை தன் தங்கையிடம் எப்படிப் பேசுகிறான் எல்லாம் அவள் கண்ணில் படும். பெண்ணின் அம்மாவிடம் ஒன்றிரண்டு வார்த்தை சொல்லி வைப்பாள். சொன்னது சொன்னபடி நடந்ததும், "அந்த அக்காவையே மாப்ள வீடு பாக்கறதுக்குக் கூட்டிகினு போலாம்" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

தரகு வாங்க மாட்டாள். தரகு வாங்குகிறவளுக்குச் சரி என்று சொல்ல ஆசை வரும். இவளுக்கு அந்த ஆசை கிடையாது. முன்கட்டை அவள் பார்ப்பதே இல்லை. "அத நமக்காவ கூட்டி வெச்சிருப்பாங்க" என்பாள். நேரே பின்கட்டு. தண்ணிக் குடத்தின் மூடியைத் தூக்கிப் பார்ப்பாள், அடுப்படியில் உட்கார்ந்து எழுந்திருப்பாள், பக்கத்து வீட்டில் சுண்ணாம்பு கேட்கப் போவாள். பத்து வீடு பார்த்தால் ஒன்பதைத் தள்ளிவிடுவாள். ஊரில் பாதிப் பேர் அவளைத் திட்டினார்கள். அந்தப் பாதிப் பேரும் தங்கள் பெண்ணுக்கு வரன் வந்தபோது அவள் கடை வாசலில் வந்து நின்றார்கள்.

அவள் புருஷன் வேதாசலம் சாது. மனைவி வீடு பார்க்கப் போகிற நாளில் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் கேட்ட விலையைச் சொல்லத் தெரியாமல் முழித்துக்கொண்டிருப்பார்.

எண்பதாம் வருஷம் வரைக்கும் அவள் பார்த்ததெல்லாம் மாப்பிள்ளை வீடுதான். அந்த வருஷத்துக்குப் பிறகு ஜூன் மாசமானால் கடையை வேதாசலத்திடம் விட்டுவிட்டு, பாஸான பெண்களைக் கூட்டிக்கொண்டு காலேஜ் காலேஜாகப் போகிற பழக்கம் வந்தது. அதற்குக் காரணம் அம்மையார்குப்பத்து மணவாளனின் மகள் சந்திரா.

அந்த வருஷம்தான் முதன்முதலாகப் பிளஸ் டூ பரீட்சை நடந்து ரிசல்ட் வந்தது. சந்திரா நல்ல மார்க் வாங்கியிருந்தாள். மணவாளன் தறிக்காரர். வீட்டில் நெசவு, கையில் நாலு காசு, வாயில் அதிகம் பேச்சில்லை. ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி வைத்திருந்த அத்தை மகனுக்குச் சந்திராவைக் கேட்டு வந்திருந்தார்கள். அந்தப் பாவாவுக்கே ஆவணியில் முடித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். பெண்ணோ காலேஜ் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே வந்து பேசிவிட்டுப் போனார். வந்தவரிடம் மூஞ்சியில் அடித்தாற்போல முடியாது என்று சொல்ல மணவாளனுக்குக் கூச்சம். அதனால் ஒரு யுக்தி பண்ணினார்.

"ஊரு பேரு தெரியாத எடத்துல பொண்ண வுடறதுன்னா சும்மாவா சார்? கல்யாணத்துக்கே கோமளாக்கா போய்ப் பாத்துட்டு வந்துதான் முடிவு பண்றோம். காலேஜையும் அதுவே பாக்கட்டும். அது சரின்னா எனக்கும் சரி. அது வேணான்னா இந்தப் பேச்ச அப்பறம் யாரும் எடுக்கக்கூடாது."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பத்துக்கு ஒன்பது தள்ளுகிறவள் காலேஜை மட்டும் விடுவாளா என்று அவருக்கு உள்ளூர ஒரே தெம்பு.

சேதி பரவியதும் இன்னும் நாலு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அதில் சபீரா ஒருத்தி. அரக்கோணம் ரோட்டில் லாரி மெக்கானிக்காக இருந்த நசருல்லாவின் மகள். "கோமளாக்கா கூடன்னா எங்க வேணாலும் போவட்டும்" என்று அவர் கிரீஸ் கையோடு சொல்லிவிட்டார். ஐந்து பெண்கள், மேற்பார்வைக்கு மணவாளன், முன்னால் கோமளவல்லி. கையில் புளியோதரை மூட்டை, திருகுமூடி போட்ட கூஜா நிறையத் தண்ணீர், வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பந்து பூ. காலேஜ் வாசலை மிதித்துப் பார்த்திராத கோமளவல்லிக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. நாலு பேர் சேர்ந்து தின்று தூங்குகிற இடம் எதுவானாலும் வீடுதானே என்பது அவள் கட்சி.

முதல் காலேஜ் மெட்ராஸில். கட்டடம் அரண்மனை மாதிரி, வழியெல்லாம் பூந்தொட்டி. ஆபீஸ் கிளார்க்கு, "எந்த குரூப்மா?" என்று கேட்டார்.

"குரூப்பு இருக்கட்டுங்க. தண்ணி எங்கேருந்து வருது?"

அவர் பயந்துபோய் உள்ளே அனுப்பிவிட்டார். பிரின்ஸிபாலம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு மேஜைக்குப் பின்னால் இருந்தார். கோமளவல்லி பழத்தையும் பூவையும் மேஜைமேல் வைத்தாள். அந்தம்மா அதைத் திருத்தணி பிரசாதம் என்று எண்ணி எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு, பூவில் ஒரு கிள்ளு எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க? கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு?" என்று கோமளவல்லி விசாரணையை ஆரம்பித்தாள். பிரசாதம் வாங்கிக்கொண்ட தோஷமோ என்னவோ, அந்தம்மா தென்காசி என்றும், அண்ணன் இருவர் என்றும் பதில் சொன்னார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எல்லாம் ஹாஸ்டலின் பின்பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்று கேட்கிறவரைக்கும்தான். அட்மிஷன் ஆன பிறகுதான் ஹாஸ்டலுக்குள் விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"கட்டிக் குடுத்தப்பறம் பாக்கறதுக்கு நான் எதுக்குங்க?" என்றாள் கோமளவல்லி. வாசலுக்கு வந்தாள், செருப்பை மாட்டினாள், "வேணாம்."

மணவாளன் வெளியே வந்து எல்லோருக்கும் கோலிசோடா வாங்கிக் கொடுத்தார்.

இரண்டாவது காலேஜ் வேலூருக்கு அந்தப் பக்கம். அங்கே எல்லாக் கதவையும் திறந்துவிட்டார்கள். அடுக்களை கண்ணாடி மாதிரி இருந்தது. கோமளவல்லி சாம்பார் அண்டாவின் மூடியைத் தூக்கினாள், பருப்பு கமகமவென்று வந்தது. குழாயில் தண்ணீர், குளியலறையில் தாழ்ப்பாள், வாசலில் கூர்க்கா. சந்திராவின் முகம் மலர்ந்துவிட்டது. படித்தால் இங்கேதான் என்று மனசுக்குள் பெட்டி படுக்கையையே விரித்துவிட்டாள். வார்டனம்மா தங்கமான மனுஷி. வெயிலில் வந்திருக்கிறீர்களே என்று எல்லோருக்கும் காபி கொண்டுவரச் சொன்னார்.

காபி வந்தது. ஒருத்தரும் தொடவில்லை. அதற்கு ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பிடித்திருக்கிறது என்று முடிவாகிறவரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்கக்கூடாது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்ததாக அர்த்தம். அப்புறம் பின்வாங்கினால் ஊர் காறித் துப்பும். "யாரும் வாய் வெக்கக்கூடாது" என்று கோமளவல்லி ரயிலிலேயே கண்டித்துச் சொல்லியிருந்தாள். சபீரா ஆவி பறக்கும் டம்ளரைப் பார்த்துக்கொண்டே எச்சில் விழுங்கினாள். வார்டனம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, டிகாக்ஷன் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டார்.

மாடியில் ஒரு அறை. விடுமுறைக்கு ஊருக்குப் போகாத நாலைந்து பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி தலை வாரிக்கொண்டு, எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோமளவல்லி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னாலேயே வார்டனம்மாவின் செருப்புச் சத்தம் வந்தது. சிரிப்பு வெட்டினாற்போல் நின்றது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். "உக்காருங்கம்மா, உக்காருங்க" என்று அவர் பிரியமாகத்தான் சொன்னார். உட்கார்ந்தார்கள். ஆனால் சிரிப்பு திரும்பி வரவில்லை.

வாசலில் கோமளவல்லி செருப்பை மாட்டினாள். "வேணாம்."

பஸ் ஸ்டாண்டில் சந்திரா தேம்பித் தேம்பி அழுதாள். மணவாளன் இளநீர் வாங்கப் போயிருந்தார்.

"ஏன் அத்த? அந்த வீட்ல இன்னா கொற?"

"சோறு நல்லாத்தான் போடறாங்க. அந்தம்மா மேலயும் தப்பு இல்ல. ஆனா பொண்ணுங்க பயந்துகினு இருக்குதுங்க. பயந்துகினே மூணு வருசம் சாப்புடணும்."

"நீ வேணான்னு சொல்றதுக்குத்தான் எங்க நைனா உன்ன இட்டுகினு சுத்தறாரு. தெரியுமா?"

"ஆங், தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படிப் பண்றே?"

"அதுக்காவ நல்லா இல்லாதத நல்லாருக்குதுன்னு சொல்லணுமா? இன்னிக்கி உனக்காவ ஒண்ணு பொய் சொன்னா, நாளைக்கி நான் நெசமாவே நல்லாருக்குதுன்னு சொன்னாலும் உங்க நைனா நம்ப மாட்டாரு." கோமளவல்லி பெண்ணின் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்ட மூன்றில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு காலேஜ். அதுவும் தள்ளுபடி ஆனால் ஆவணியில் கல்யாணம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்றாவது, காஞ்சிபுரம் போகிற வழியில் வயல்காட்டுக்கு நடுவே புதுசாக ஆரம்பித்திருந்த ஒரு பெண்கள் காலேஜ். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மணவாளனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வகுப்புக்குச் சிமெண்ட் ஷீட்டு, ஹாஸ்டலுக்கு ஓடு, சாப்பாட்டுக் கொட்டகைக்குக் கீற்று. அடிபம்பின் கைப்பிடி உடைந்து கயிற்றால் கட்டியிருந்தது. கோமளவல்லி அண்டா மூடியைத் தூக்கினாள். சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடிக்கவேண்டும். குளியலறைக் கதவில் ஓட்டை, அதைக் காகிதத்தால் அடைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவள் மூக்கைச் சொறிந்தாள். மூக்கைச் சொறிந்தால் போச்சு என்று ஊருக்கே தெரியும். சந்திரா சுவரில் சாய்ந்துவிட்டாள்.

ஹாஸ்டலுக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை. மணவாளன் வெளியே புங்கமரத்தடியில் நின்றுகொண்டார். கோமளவல்லியும் பெண்களும் மட்டும் உள்ளே போனார்கள். கூடத்தில் பெரிய அமர்க்களம். ஒரு பெண் வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு, சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து காட்டுகிறாள். மற்றவர்கள் தரையில் உருண்டு சிரிக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து இன்னொரு வாசல் வழியாக நிஜமான வார்டன் கௌரியம்மாள் வந்தார். கனத்த உடம்பு, கையில் சாவிக்கொத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை.

கோமளவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு நிற்கவில்லை. தலையணைக்காரியும் நிறுத்தவில்லை.

கௌரியம்மாள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சாய்ஞ்சு நடக்கணும்டி. இடது முட்டி வலி எனக்கு, மறந்துட்டியா?" என்றார். கூடமே கூரை பிய்த்துக்கொண்டு போகிறமாதிரி சிரித்தது. வீடு பார்க்கப் போன இடத்தில் கோமளவல்லி பல்லைக் காட்டியதாகச் சரித்திரம் கிடையாது. அன்றைக்கு வெற்றிலைக் கறை தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சாப்பாட்டு நேரம், ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றார் கௌரியம்மாள்.

"தட்டு போடுங்க" என்றாள் கோமளவல்லி.

மரத்தடியிலிருந்து பார்த்த மணவாளனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீற்றுக் கொட்டகைக்கு ஓடிவந்தார். "அக்கா, இன்னா பண்றே?"

"பசிக்குது." அவள் கை கழுவினாள், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டாள். "சாம்பாரு தண்ணிதான். கை நனைச்சாச்சு. போய் அப்ளிகேசன் வாங்கியா."

வாய் வைக்கத் தடை நீங்கியதும் சபீரா தண்ணீர் டம்ளரை மறுபடி மறுபடி நிரப்பிக் குடித்தாள். சந்திரா தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பிடத் தெரியாமல் அப்பா முகத்தையே பார்த்தாள்.

அரக்கோணம் ஸ்டேஷனில் பெண்கள் ஒரு பெஞ்சில். கொஞ்சம் தள்ளி மணவாளன் கோமளவல்லியைப் பிடித்துக்கொண்டார். முகம் கறுத்திருந்தது.

"மாளிகை மாதிரி எடத்த வேணான்ட்டே. ஒழுவற கூரைக்குப் போயி கை நனைக்கிறே. எத்தப் பாத்து சரின்னே? எங்க வூட்ல நெய் ஊத்தி சோறு துன்ற பொண்ணுக்கா அது? எங்க வூட்ட விட அது ஒசத்தியா?"

கோமளவல்லி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னாள். "அந்த அம்மா உள்ள வந்தப்ப பொண்ணுங்க சிரிப்ப நிறுத்தல மணவாளா. அத்தத்தான் பாத்தேன். உங்க வூட்டுக்கு நான் எத்தினியோ தபா வந்திருக்கேன். உன் பொண்டாட்டி வள்ளியம்மாளும் சந்திராவும் அடுப்படில பேசிப் பேசிச் சிரிச்சிகினு இருப்பாங்க. தறிலேருந்து உன் இருமல் கேட்டா அடங்கிடும். நீ அடிக்கிற ஆளு இல்ல, திட்டற ஆளும் இல்ல. ஆனா அடங்கிடும். அது உனக்குத் தெரியாது. நீ வரும்போதே அது போயிடுதே, எப்படித் தெரியும்?"

"எங்க வூட்டப் பத்திப் பேசறதுக்கு உன்ன கூட்டிகினு வரல" என்று மணவாளன் திரும்பி நடந்தார். திருத்தணியில் இறங்கியதும் மகளை இழுத்துக்கொண்டு ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டார். அப்ளிகேஷனைச் சட்டைப்பையில் நாலாக மடித்து வைத்திருந்தார், அதைக் கிழித்துப் போடுவாரா நிரப்புவாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

கோமளவல்லிக்கு அப்புறம் கடையில் மனசே ஓடவில்லை. சொன்னது பொய் இல்லை. ஆனால் தன் வாயால் அந்தப் பெண்ணின் படிப்புக்கே உலை வைத்துவிட்டோமோ என்ற பயம் அவளைப் பிடுங்கித் தின்றது. கற்பூரம் வைக்காமல் தட்டைக் கொடுத்தாள். மலைக்குப் போன ஒருவர் திரும்பி வந்து சண்டை போட்டார். "இதுக்கு நானே கடையப் பாத்துக்குவேன்" என்றார் வேதாசலம்.

ஒரு நாள் காலையில், கடை திறக்கிற நேரத்துக்கு, மணவாளன் வந்து நின்றார். தட்டு வாங்க வந்தவர்போல ஒரு தேங்காயை எடுத்து ஆட்டிப் பார்த்தார். அதைப் பார்த்தபடியே பேசினார்.

"நேத்து சாயங்காலம் தறிலேருந்து எறங்கி, இருமாம, சத்தம் போடாம போனேன்க்கா. உள்ள சிரிச்சிகினு இருந்தாங்க. வாசப்படில கால வெச்சேன். நின்னு போச்சு."

"அப்பறம்?"

"இன்னா சிரிப்புன்னு கேட்டேன். ஒண்ணும் இல்லன்னுட்டாங்க." தேங்காயை வைத்துவிட்டார். "ஆர்.கே.பேட்டைக்கு ஆள் அனுப்பி இப்ப வேணான்னு சொல்லிட்டேன். அப்ளிகேசன்ல கையெழுத்தும் போட்டுட்டேன். சேத்துவுடற அன்னிக்கி நீயும் கூட வா."

கோமளவல்லிக்கு அந்த மனுஷனைப் பார்த்து அன்றைக்குத்தான் மரியாதை வந்தது. தப்பைக் காட்டினால் சண்டைக்கு வருகிற ஆம்பளைகளைத்தான் அவள் அதுவரை பார்த்திருந்தாள். தானே போய்ச் சரிபார்த்துவிட்டு வந்து ஒத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

சேர்க்கிற நாளில் டிரங்குப் பெட்டியை மணவாளனே தோளில் சுமந்து வந்தார். ஹாஸ்டல் வாசலில் பெட்டியை இறக்கினார். சந்திரா, "போய்ட்டு வரேன் நைனா" என்று சொன்னாள், அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். இரண்டு பெண்கள் வந்து ஆளுக்கொரு பக்கம் பெட்டியைப் பிடித்து அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். சபீரா முன்னமே வந்து சேர்ந்திருந்தாள்.

கோமளவல்லியும் மணவாளனும் ரோட்டோரத்தில் பஸ்ஸுக்காக நின்றார்கள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஹாஸ்டல் கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. நாலைந்து குரல், ஒன்றின்மேல் ஒன்று விழுந்தாற்போல. மணவாளன் திரும்பினார். வேலி ஓரமாகப் போய்த் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இதுல நம்ம சந்திரா சிரிப்பு எது அக்கா?"

எந்த வீட்டு வாசலிலும் பதிலுக்குத் தடுமாறாதவள் கோமளவல்லி. அந்தக் கேள்விக்கு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரியல மணவாளா" என்றாள்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் ஊதக் கையைத் தூக்கினான். கோமளவல்லி பையை எடுத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"நீ போக்கா. நான் அடுத்த வண்டில வரேன்" என்றார் மணவாளன், வேலியை விட்டு நகராமல்.